ஊழியம் வேறு, சேவை வேறா?

சபை மக்கள் நாள் முழுக்கப் புழங்குகிற இரண்டு சொற்களிலிருந்து தொடங்குகிறேன். ஒன்று ஊழியம், இன்னொன்று சேவை. "அவர் ஊழியத்துக்குப் போய்விட்டார்" என்று யாராவது சொன்னால் பிரசங்கம், ஜெபம், சுவிசேஷக் கூட்டம், சபை நடத்துவது என்று புரிந்துகொள்கிறோம். "அவர் நிறைய சேவை செய்கிறார்" என்றால் சாப்பாடு, மருந்து, பிள்ளைகளின் படிப்புச் செலவு, வெள்ளம் வந்தால் போர்வை. முன்னது ஆத்துமாவுக்கு, பின்னது உடம்புக்கு. முன்னது கட்டாயம், பின்னது நேரமும் பணமும் மிஞ்சினால். இதை யாரும் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதில்லை, ஆனால் பேச்சிலேயே படிந்து, கொஞ்ச நாளில் அதுதான் வேதத்தில் உள்ளது என்று நம்ப ஆரம்பித்துவிடுகிறோம்.

சபை இன்றைக்குத் தேவையா, இளைஞர்கள் ஏன் வருவதில்லை என்ற பேச்சு வந்தாலே பாட்டை மாற்றலாமா, பிரசங்கத்தைச் சுருக்கலாமா, மேடைக்கு நல்ல விளக்கு போடலாமா என்றுதான் போகிறது. எனக்கென்னவோ சிக்கல் அதற்கெல்லாம் முந்தியது என்று தோன்றுகிறது. அது அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது. ஏனென்றால் புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான்: டயக்கோனியா.

இறையியல் படித்தவர்களுக்கு இது பழகிய சொல். மற்றவர்களுக்காக ஒரு காட்சி. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம். எருசலேமில் முதல் சபை வேகமாக வளர்கிறது, கூடவே ஒரு புகாரும் வளர்கிறது. அந்தச் சபையில் எபிரெய மொழி பேசும் யூதர்களும் கிரேக்கம் பேசும் யூதர்களும் இருந்தார்கள். தினமும் உணவு பகிரும்போது எங்கள் விதவைகளைக் கண்டுகொள்வதில்லை என்று கிரேக்கம் பேசுகிறவர்கள் முறுமுறுத்தார்கள். இந்த அன்றாட உணவுப் பகிர்வுக்கு கிரேக்கத்தில் உள்ள சொல் டயக்கோனியா. அப்போஸ்தலர்கள் கூட்டம் கூட்டி, நாங்கள் வசனத்தைப் போதிக்கிற வேலையில் இருப்போம் என்கிறார்கள். அந்த வேலைக்கும் அதே சொல், டயக்கோனியா. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் முதலாவது 'விசாரணை', இரண்டாவது 'ஊழியம்'. ஒரே அதிகாரத்தில், நாலு வசனத்துக்குள், ஒரு சொல் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை. விசாரணை என்றதும் இன்று போலீஸ்தான் ஞாபகம் வருகிறது, ஆனால் "அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்கிறோமே, அந்த விசாரிப்புதான் அங்கே இருப்பது. அழகான சொல். இருந்தாலும் வாசிக்கிறவன் மனதில் அது வேறு இது வேறு என்று பதிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அதே வேரிலிருந்து வரும் டயக்கோனோஸ் என்ற சொல் ஓரிடத்தில் 'உதவிக்காரர்' ஆகிறது, இன்னோரிடத்தில் 'ஊழியக்காரர்' ஆகிறது, கத்தோலிக்க வழக்கில் 'திருத்தொண்டர்' ஆகிறது. ரோமர் 13இல் நாட்டை ஆளும் அதிகாரியைக்கூட பவுல் அதே சொல்லால்தான் குறிப்பிடுகிறார். அரசு வேலையும் ஊழியமா என்று கேட்டால், பவுலின் சொற்களஞ்சியத்தில் ஆம்.

சரி, "வசனத்தை விட்டுவிட்டுப் பந்தி விசாரிப்பது தகுதியல்ல" என்று அப்போஸ்தலர்களே சொன்னார்களே, அப்படியானால் போதனைதானே பெரிது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்த வசனத்தை அப்படியும் வாசிக்க முடியும். ஆனால் அடுத்து அவர்கள் செய்ததைப் பாருங்கள். உணவுப் பொறுப்புக்கு ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, யார் புகார் சொன்னார்களோ அந்தத் தரப்பின் கையிலேயே பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் இந்தப் பட்டியலைப் படிக்கத் தோன்றுகிறது. "இனிமேல் உங்கள் விதவைகளுக்கும் ஒரு தட்டு சேர்த்து வைக்கிறோம்" என்று சமாதானம் சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் அகப்பையையே கொடுத்துவிட்டார்கள். தர்மத்துக்கும் நீதிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பட்டியலைத்தான்.

இயேசு இந்தப் பிரிவினையைப் போட்டாரா என்றால், அதற்கான தடயம் எனக்குத் தெரியவில்லை. லூக்கா 4இல் நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் சுருளை விரித்து வாசிக்கிறார்: தரித்திரருக்கு நற்செய்தி, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை, குருடருக்குப் பார்வை, நொறுக்கப்பட்டவர்களுக்கு விடுதலை. முதலில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அப்புறம், கடவுளின் தயவு உங்கள் ஊர்க்காரர்களோடு நிற்காது, சாறிபாத்தின் விதவைக்கும் சீரியனான நாகமானுக்கும் போனது என்றதும் அவரை மலையுச்சியிலிருந்து தள்ளப் பார்த்தார்கள். பரலோகத்தைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்குமா என்று தெரியவில்லை. சுவிசேஷம் என்ற சொல்லே அன்று கோயிலுக்குள் மட்டும் புழங்கிய சொல் அல்ல. கி.மு. 9ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரியேனே கல்வெட்டு, ரோமப் பேரரசர் அகுஸ்துவின் பிறந்தநாளை உலகத்துக்கான நற்செய்தியின் தொடக்கம் என்று அதே கிரேக்கச் சொல்லால் புகழ்கிறது. அரசாங்கம் பயன்படுத்திய சொல்லை எடுத்து, சிலுவையில் அறையப்பட்ட ஒரு தச்சருக்குச் சூட்டினார்கள் ஆதிக் கிறிஸ்தவர்கள்.

முதல் சில நூற்றாண்டுகளில் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குச் சபை எப்படித் தெரிந்தது என்பதற்கு நல்ல சாட்சி ஒரு எதிரியின் கடிதம். பேரரசர் ஜூலியன் கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க நினைத்தவர். கி.பி. 362இல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதும்போது அவர் எரிச்சலோடு சொல்வது, இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்லாமல் நம் ஏழைகளையும் பராமரிக்கிறார்கள், நமக்கு வெட்கக்கேடு என்று. பிறகு ஊர்தோறும் விடுதி கட்டச் சொல்கிறார், தானியமும் திராட்சரசமும் ஒதுக்குகிறார். கொஞ்ச வருஷம் கழித்து, இன்றைய துருக்கியில் உள்ள செசரியாவில் ஆயர் பேசில் நோயாளிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் நகருக்கு வெளியே ஒரு பெரிய வளாகமே கட்டினார். அதே பேசில், பஞ்சத்தில் தானியத்தைப் பதுக்கியவர்களைப் பிரசங்க மேடையிலிருந்தே கடுமையாகச் சாடினார். அவருக்கு மேடையும் மருத்துவமனையும் இரண்டு துறைகளாகத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

இப்போது கேட்கிற வடிவத்தில் பிரிவினை கூர்மையானது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நியூயார்க்கில் ஹெல்ஸ் கிச்சன் என்ற ஏழைகளின் பகுதியில் 1886 முதல் போதகராக இருந்தவர் வால்டர் ரௌசன்புஷ். அங்கே குழந்தைகளை அடக்கம் செய்தே மனம் உடைந்தவர். இந்தக் குழந்தைகள் சாவதற்குக் குடியிருப்பும் கூலியும் காரணமென்றால், அவற்றை விட்டுவிட்டு ஆத்துமாவைப் பற்றி மட்டும் பேசுவது எப்படி என்ற கேள்வியிலிருந்து வளர்ந்ததுதான் 'சமூக நற்செய்தி' என்ற இயக்கம். அதில் சிலர் இன்னொரு பக்கம் சாய்ந்து, பாவம் என்றாலே சமூக அமைப்புதான், தனிமனித மனமாற்றம் அவ்வளவு முக்கியமில்லை என்கிற அளவுக்குப் போனார்கள். உடனே பழமைவாதத் தரப்பு மிரண்டு, சமூகப் பணி என்ற பேச்சையே சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், அடிமை வியாபாரத்தை எதிர்த்து 1807இல் பிரிட்டனில் சட்டம் வரக் காரணமானவர்களில் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் போன்ற சுவிசேஷ ஆர்வலர்கள் முன்வரிசையில் இருந்தார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் தலைமுறைக்கு அடுத்தவர்கள்தான் இப்படி மிரண்டது. (ரொம்பப் பெருமைப்படவும் வேண்டாம். அதே காலத்தில் பார்படோஸ் தீவில் இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனரிச் சங்கம் ஒன்று கரும்புத் தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்தது. அந்த அடிமைகளின் மார்பில் சங்கத்தின் பெயரைச் சூடு போட்டிருந்த காலமும் உண்டு.)

திரும்பவும் ஒட்டவைக்க முயன்ற தருணங்களில் முக்கியமானது 1974 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லோசானில் நடந்த மாநாடு. உலக சுவிசேஷமயமாக்கலுக்காகக் கூட்டப்பட்டது, 150 நாடுகள் அளவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அங்கே ஈக்வடாரில் பிறந்த ரெனே பாடில்லா, பெருவைச் சேர்ந்த சாமுவேல் எஸ்கோபார் போன்ற லத்தீன் அமெரிக்கர்கள் எழுந்து, வறுமையும் ஒடுக்குமுறையும் உள்ள நாடுகளில் பாதி நற்செய்தியைக் கொண்டுபோகச் சொல்கிறீர்களா என்று கேட்டார்கள். மாநாட்டின் உடன்படிக்கையில் ஐந்தாவது பகுதி அதன் விளைவு. சுவிசேஷப் பணியும் சமூக அக்கறையும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்று சில வேளைகளில் நினைத்ததற்காக மனம் வருந்துவதாக அதில் எழுதினார்கள். பாடில்லா தரப்பு இதற்கு வைத்த ஸ்பானியப் பெயரில் உள்ள 'இன்டெக்ரல்' என்ற சொல், அந்த மொழியில் தவிடு நீக்காத கோதுமை ரொட்டிக்கும் வழங்குவது. தவிட்டைச் சலித்து எடுத்தால் பார்க்க வெள்ளையாக இருக்கும், சத்து போய்விடும். தமிழில் 'முழுமையான அருட்பணி' என்று சொல்கிறார்கள். தவிடு நீக்காத அருட்பணி என்றால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் பொருள்.

கத்தோலிக்கத் தரப்பில் இதே உரையாடல் வேறு வழியாக வந்தது. 1891இல் போப் பதிமூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடல், 1968இல் மெதெயினில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள், பிறகு ஏழைகளின் விடுதலையை மையமாக வைத்த விடுதலை இறையியல். சான் சால்வதோரின் பேராயர் ஓஸ்கார் ரொமேரோ, மக்களைச் சுடாதீர்கள் என்று சிப்பாய்களிடம் பிரசங்கத்தில் கெஞ்சிய மறுநாள், 1980 மார்ச் 24 அன்று, திருப்பலி நடத்திக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார்.

சேவை என்றால் என்ன என்பதற்குள்ளேயே படிகள் இருக்கின்றன, இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1933இல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களில், 27 வயது லுத்தரன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் ஒரு கட்டுரை எழுதினார். அநியாயம் செய்யும் அரசின் முன் சபை செய்யக்கூடியவை மூன்று என்றார். நீ செய்வது அரசுக்குத் தகுமா என்று அரசிடமே கேட்பது. சக்கரத்தில் சிக்கி நசுங்கியவர்களுக்கு, அவர்கள் கிறிஸ்தவர்களாக இல்லாவிட்டாலும், கட்டுப்போடுவது. மூன்றாவது, சக்கரத்தையே நிறுத்துவது. நம்மில் பெரும்பாலான சபைகள் இரண்டாவது படியில் மிகத் திறமையாக இருக்கின்றன. கட்டுப்போட ஆள் கேட்டால் வரிசையில் நிற்பார்கள். சக்கரத்தை ஓட்டுவது யார் என்று கேட்டால் அமைதி. சில சமயம் ஓட்டுகிறவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், ஆலயம் கட்ட நன்கொடையும் கொடுத்திருப்பார்.

அடுத்த வருஷம், 1934 மே மாதம், பார்மன் நகரில் கூடிய ஜெர்மானியத் திருச்சபையினர் ஹிட்லருக்குச் சபையின் மேல் அதிகாரம் இல்லை என்று துணிச்சலாக அறிக்கை விட்டார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த அறிக்கையில் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சபை தன் சுதந்திரத்துக்காகப் பேசியது, பக்கத்து வீட்டுக்காரனுக்காகப் பேசவில்லை.

அரசியல் வேண்டாம் என்பவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. பிரசங்க மேடை கட்சி மேடையானால் அங்கே ஜெபிக்க மனம் வராது, ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்கிற போதகரை நானும் நம்பமாட்டேன். ஆனால் மௌனமும் ஒரு பக்கம் சேருவதுதான், சில வேளை ரொம்பப் பக்தியான மொழியில். 1857இல் தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தத் திருச்சபையில், வெள்ளையரல்லாத விசுவாசிகளோடு ஒரே திருவிருந்தில் பங்கெடுக்கச் சில வெள்ளையர் மறுத்தார்கள். சேர்ந்து வழிபடுவதுதான் வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்ட அதே சினாடு (திருச்சபையின் பேரவை), 'சிலருடைய பலவீனத்தின் நிமித்தம்' தனித்தனியாக வழிபட அனுமதி கொடுத்தது. யாருடைய பலவீனம்? கூட உட்கார முடியாதவர்களுடையது. அந்தச் சலுகை வழக்கமாகி, வழக்கம் தனிச் சபைகளாகி, 1948க்குப் பிறகு நாட்டின் இனஒதுக்கல் கொள்கைக்கு வேத ஆதாரம் தேடிக்கொடுக்கும் இடத்துக்குத் திருச்சபை வந்தது. 1982இல்தான் உலக சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு அந்த இறையியலைத் துர்உபதேசம் என்று அறிவித்தது. 125 வருஷம். ஒரு சின்ன விட்டுக்கொடுத்தல் எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன், ஏனென்றால் சபையின் நிலை பற்றிய பேச்சு முக்கால்வாசி இதில்தான் நிற்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கில் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 2011இல் 59.3 சதவீதம், 2021இல் 46.2. இந்த மாதிரிக் கணக்கைக் காட்டித்தான் சபை செத்துவிட்டது என்கிறார்கள். எதிர்த் தரப்பு ஆப்பிரிக்காவைக் காட்டி, அங்கே நிரம்பி வழிகிறதே என்கிறது. எனக்கு இரண்டு வாதமும் உதவவில்லை. ருவாண்டா மிகப் பெரும்பான்மைக் கிறிஸ்தவர்கள் உள்ள நாடு, ஆலயங்கள் நிரம்பியிருந்தன. 1994 இனப்படுகொலையின்போது அடைக்கலம் தேடி அந்த ஆலயங்களுக்குள்ளேயே ஓடியவர்கள் உள்ளேயே கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களிலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஏராளம். நதராமா ஆலயம் இன்று நினைவிடமாக இருக்கிறது. தலையை எண்ணி அளந்தால் அந்தச் சபைகளை யாரும் தோல்வி என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்திலும் இந்த எச்சரிக்கை இருக்கிறது. கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் அவசரப்பட்டது, பொறுத்திருங்கள் என்று அறிவுரை சொன்ன எட்டு மதகுருமார்களுக்கான பதில் அது. தியாக உணர்வைத் திரும்பப் பிடிக்காவிட்டால் சபை ஒரு பொருளற்ற மனமகிழ் மன்றமாக ஒதுக்கப்படும் என்றார். அந்தச் சமயத்தில் அமெரிக்க ஆலயங்களில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை.

இன்னொரு மறுப்பு, சபை தொண்டு நிறுவனமாகிவிடுமே என்பது. 2013 மார்ச்சில் போப் பிரான்சிஸ் தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாளே தன் முதல் மறையுரையில் இதைத்தான் சொன்னார்: கிறிஸ்துவை அறிக்கையிடாவிட்டால் நாம் ஒரு இரக்கமுள்ள தொண்டு நிறுவனம் ஆகிவிடுவோம். ஏழைகளின் பக்கம் நின்றதற்காகவே பேசப்பட்டவர் சொன்னது என்பதால் எடுத்துக்கொள்கிறேன். ஜெபம் இல்லாத சேவை சீக்கிரம் களைத்துப்போகும், அல்லது தன்னையே புகைப்படம் எடுத்துக்கொள்ள ஆரம்பிக்கும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு, நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான்: சேவையைத் தூண்டில் ஆக்குவது. சாப்பாட்டுப் பொட்டலத்துக்குள் ஒரு துண்டுப்பிரதி, மருத்துவ முகாமில் மாத்திரை வாங்கும்முன் ஒரு பிரசங்கம் கட்டாயம். வாங்குகிறவருக்கு அது புரியாமல் இருக்காது. லூக்கா 17இல் பத்துத் தொழுநோயாளிகள் சுகமானார்கள், நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், வருத்தம் இருந்திருக்கும். ஆனால் அந்த ஒன்பது பேரின் தோலிலும் நோய் திரும்பி வந்ததாக எழுதப்படவில்லை.

நம்பிக்கை போனதற்குக் காரணம் வெளியில் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2002இல் பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்று வெளிக்கொண்டுவந்த செய்திகளில் மக்களை அதிகம் உலுக்கியது, சிறுவர்களைச் சீரழித்த கத்தோலிக்கக் குருக்களை ஒரு பங்கிலிருந்து (பகுதிச் சபையிலிருந்து) இன்னொரு பங்குக்கு மாற்றி மாற்றி அனுப்பி விஷயத்தை மூடியது. சபையின் பேர் கெடக்கூடாது என்றார்கள். முதல் சபையிலும் புகார் வந்தது, அதுவும் பேரைக் கெடுக்கிற புகார்தான்: பாகுபாடு பார்த்து விதவைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று. நடபடிகளை எழுதிய லூக்கா அதை ஒளிக்காமல் எழுதி வைத்தார், அதனால்தான் 2000 வருஷம் கழித்து நாமும் வாசிக்கிறோம்.

இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்டால், உங்கள் சபையின் வருடாந்தர வரவு செலவு அறிக்கையை எடுத்துப் பாருங்கள் என்பேன். கட்டடம், ஒலிபெருக்கி, சம்பளம், கன்வென்ஷன் எல்லாம் போக, சபைக்கு ஒருநாளும் உறுப்பினராக வரப்போகாதவர்களுக்கு என்று எவ்வளவு போகிறது? அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்புகளைக் கவனியுங்கள். சுகம், வேலை, கல்யாணம், பரீட்சை. எல்லாம் தேவைதான், எனக்கும் அவை உண்டு. ஆனால் வாடகை கொடுக்க முடியாமல் வெளியேற்றப்படுகிறவர்களும், வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண்ணும், குடிக்கத் தண்ணீர் இல்லாத பகுதியும் வருஷத்தில் எத்தனை தடவை அந்தப் பட்டியலில் வருகிறார்கள்? மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது: முடிவெடுக்கிற கமிட்டியில், உதவி வாங்குகிற குடும்பங்களிலிருந்து யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? எருசலேமில் உட்கார வைத்தார்கள்.

அந்த ஏழு பேர் என்ன ஆனார்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். பந்தி விசாரிக்கத்தான் நியமித்தார்கள். அதில் ஸ்தேவான், அதே அதிகாரம் முடிவதற்குள் பேச்சுக்காகப் பிடிபட்டு, நடபடிகளிலேயே மிக நீளமான உரையை நிகழ்த்திவிட்டுக் கல்லெறிபட்டுச் செத்தார். பிலிப்பு சமாரியாவுக்குப் போய்ப் பிரசங்கித்தார், வனாந்தர வழியில் எத்தியோப்பிய அதிகாரி ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பல வருஷம் கழித்து பவுலும் கூட வந்தவர்களும் செசரியாவில் (பேசிலின் ஊர் அல்ல, பாலஸ்தீனக் கடற்கரையில் இருந்தது) அந்த பிலிப்பின் வீட்டில் தங்குகிறார்கள். அவரை யாரென்று அறிமுகப்படுத்தும்போது லூக்கா இரண்டு அடையாளத்தையும் சேர்த்தே எழுதுகிறார்: சுவிசேஷகன், ஏழு பேரில் ஒருவன்.